வீட்டலுவல் காலத்து மழலையர்: பிள்ளைத்தமிழ் நோக்கில் ஓர் ஆய்வு

பல்லி விழுந்தால் என்ன பலன் என்பதற்குத் தமிழில் நூல் உண்டு. கனவுக்கும் தும்மலுக்கும் சாத்திரம் உண்டு. காலை பத்து மணிக்கு மீட்டிங் உள்ள வீட்டில் மூன்று வயதுப் பிள்ளையை என்ன செய்வது என்பதற்கு மட்டும் எவரும் இலக்கணம் வகுக்கவில்லை. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கி, அலுவலகங்கள் சாப்பாட்டு மேசைக்குக் குடிபெயர்ந்த பிறகும் புலமையுலகம் இத்துறையைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வெல்லை: தளர்நடை தொடங்கியது முதல் பள்ளி வேன் ஏறுவது வரையுள்ள பருவம். ஆய்வுக்களம்: பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் தளம். நெறியாளர்: பாட்டி. அவர் ஊருக்குப் போன பிறகே ஆய்வின் தேவை எழுந்தது.

எத்துறையாயினும் முதலில் சங்க இலக்கியத்தைப் புரட்டுவது நம் பல்கலைக்கழக மரபு. புரட்டினோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து முற்றம் ஒன்று வருகிறது. உணவுப்பொருள் வெயிலில் காய்கிறது. பெண் காவல் இருக்கிறாள். கோழி கொத்த வருகிறது. அவள் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றிக் கோழியின் மேல் எறிகிறாள். அது சிறுவர் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியில் விழுந்து தேரைத் தடுக்கிறது. சோழநாட்டின் செல்வ வளத்துக்கு இதைச் சான்றாகக் காட்டுவர். அஃது அன்று. அவள் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தவள் என்க. கையில் ஒரு வேலை, காலடியில் பிள்ளை, மூன்றாம் தரப்பாக ஒரு கோழி. கல் தேடிக் குனியவும் நேரமின்றிக் காதில் இருந்ததை எறிகிறாள் என்றால் அது வளமா, பதற்றமா என்பதை, க்ளையன்ட் கால் நடுவே கூரியர்காரர் அழைப்புமணி அடித்துப் பார்த்தவர்களே சொல்லட்டும். எறிந்தது கோழியை, தடைப்பட்டது பிள்ளையின் தேர். அப்பிள்ளை அழுததாகப் பாட்டில் குறிப்பில்லை என்பதையும் நோக்குக. அம்மாவின் காதில் இருந்த பொருள் தானாகவே காலடிக்கு வந்து விழும்போது எந்தப் பிள்ளை அழும்? இந்தக் குழைக்குப் பின்னர் மறுபடியும் வர வேண்டியிருக்கும்.

அடுத்த சான்று பிள்ளைத்தமிழ். ஆண்பால், பெண்பால் எதுவாயினும் பருவம் பத்து. செங்கீரையிலும் சப்பாணியிலும் சிக்கல் இல்லை. பிள்ளை இருந்த இடத்தில் இருக்கும். மடியில் வைத்துக்கொண்டே கோடு எழுதியோர் உளர். வருகைப் பருவத்தில்தான் துன்பம் தொடங்குகிறது. புலவர்கள் பிள்ளையை வருக வருக என்று பத்துப் பாட்டில் அழைத்தார்கள். வீடியோ கால் நடக்கும் அறைக்கு அது அழைக்காமலே வரும். 2017 மார்ச் 10 அன்று தென்கொரியாவின் பூசான் நகரில், பேராசிரியர் ராபர்ட் கெல்லி தம் வீட்டு அறையிலிருந்து பிபிசி நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். அந்நாட்டு அதிபரின் பதவிநீக்கம் பற்றிய பேட்டி. கதவைத் திறந்துகொண்டு மகள் கைவீசி நடந்து வந்தாள்; பின்னாலேயே நடைவண்டியில் தம்பி உருண்டு வந்தான்; அதன்பின் தாய் சறுக்கிக்கொண்டு ஓடிவந்து இருவரையும் இழுத்துப்போனார். உலகம் சிரித்தது. பிள்ளைத்தமிழ் அறிந்தோர் மட்டுமே வருகைப் பருவமும் சிறுதேர்ப் பருவமும் அடுத்தடுத்து அரங்கேறியதைக் கண்டிருப்பர். கொரிய அரசியல் குறித்து அவர் அன்று கூறிய கருத்தை நினைவில் வைத்திருப்பவரை யாம் இன்னும் சந்திக்கவில்லை.

சிறுபறைப் பருவத்துக்கு விளக்கம் வேண்டா; எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எல்லார் வீட்டிலும் உள. மியூட் பொத்தானைக் கண்டவர் ஒரு பிள்ளைக்குத் தந்தையாகவோ தாயாகவோ இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். சிற்றில் சிதைத்தல் என்பது சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிறுவன் காலால் எற்றி அழிப்பது. இக்காலத்தில் மணலுக்குப் பதிலாக, சேமிக்காமல் விட்ட எக்செல் கோப்பு.

ஆய்வாளர் ஊன்றி நிற்க வேண்டிய இடம் அம்புலி. பிள்ளைத்தமிழுக்கு அம்புலி புலி என்று புலவர்களே அஞ்சிய பருவம் அது. என் பிள்ளையோடு விளையாட வா என்று நிலாவை அழைக்க வேண்டும். அதுவும் சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும். பகை மன்னனிடம் கையாள வேண்டிய உத்திகளை வானத்து நிலாவிடம் கையாளும் அளவுக்கு என்ன நெருக்கடி? பிள்ளையை ஒரு நாழிகை பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத நெருக்கடிதான். எதிர் ஃபிளாட் மாமியிடம் நாம் செய்வதும் வேறில்லை. “உங்ககிட்ட மட்டும்தான் மாமி இவ சமத்தா இருக்கா” என்பது சாமம். ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுபோய்க் கொடுப்பது தானம். “மூணாவது மாடி அக்கா நான் பாத்துக்கறேன்னாங்க, நான்தான் மாமிகிட்டயே விடறேன்னுட்டேன்” என்பது பேதம். தண்டம், மாமி வீட்டுப் பூந்தொட்டி உடைந்த பிறகு நாம் அழுவது.

லஞ்சம் கொடுத்துச் சமாளிக்கலாம் என்போர் உளர். அவர்கள் சூத்திரகரின் மிருச்சகடிகத்தைப் படிக்க வேண்டும். மண்வண்டி வேண்டாம், பொன்வண்டிதான் வேண்டும் என்று அழுத சிறுவனுக்கு வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி வண்டியில் போட்டாள். பிள்ளை அடங்கியது. அந்த நகைகளே வழக்கில் சான்றாகி, பிள்ளையின் தகப்பனைக் கொலைக்களம்வரை கொண்டுபோயின. சாக்லேட்டில் தொடங்குவோர் எங்கே முடிப்பர் என்பது சொல்லாமலே விளங்கும்.

கைப்பேசி பற்றி இவ்வாய்வு அதிகம் பேசாது. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் நல்லது, ஒரு வயதுக்குள் அறவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. எல்லாப் பெற்றோரும் இதைப் படித்திருக்கிறார்கள், பெரும்பாலும் பிள்ளை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த வேளையில்.

எஞ்சியது பொம்மை. இங்கேதான் பெற்றோரின் பணம் வீணாகிறது. விலை உயர்ந்த பொம்மையை ஓரமாக வைத்துவிட்டு அது வந்த அட்டைப்பெட்டிக்குள் பிள்ளை புகுந்துகொள்வதைக் காணாத வீடில்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் உள்ள தேசியப் பொம்மைப் புகழ்க்கூடம் 2005-இல் அட்டைப்பெட்டியையும் 2008-இல் வெறும் குச்சியையும் தன் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்படுத்தியது. ஆயினும் பெட்டி ஏன் இனிக்கிறது என்பதற்கு விடை மரியா மாண்டிசோரியிடம் இருக்கிறது. 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர், 1939-இல் அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர் மூண்டதால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. சில காலம் கொடைக்கானலில் இருந்தார். பிள்ளைகள் விளையாட்டுச் சாமானை ஒதுக்கிவிட்டு உண்மையான வேலையை நாடுவதைக் கண்டு வியந்தவர் அவர். துடைப்பது, ஊற்றுவது, அடுக்குவது, பொத்தான் போடுவது.

இனி எம் நூற்பா:

பெற்றோர் கண்வழிப் பட்டது யாதோ
மற்றது வேண்டும் மழலை என்க.

உரை: பிள்ளைக்கு வேண்டியது பொம்மை அன்று, நீங்கள் உற்றுப் பார்க்கும் பொருள். பட்டினத்துக் குழை போல. உடைந்த பழைய கீபோர்டைக் கொடுத்து ஏமாற்றப் பார்த்தால் ஏமாறாது. அதன்முன் நீங்கள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு தட்டாதவரை அது வெறும் பலகை. லாப்டாப் இனிப்பதற்குக் காரணம் நீங்கள் அதைப் பார்க்கும் பார்வை. ஆகவே, பார்வையை வேறொன்றின் மேல் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அதை விட்டுக்கொடுக்க வேண்டும்.

அந்த வேறொன்றைத் தேடிப் பல பொருள்களைச் சோதித்தோம். தண்ணீரை டம்ளரிலிருந்து டபராவுக்குக் காபி போல ஆற்றச் சொன்னால் நல்ல பலன். தரை நனையும், பக்கத்திலேயே ஒரு கண் வேண்டும். பச்சைப் பட்டாணி உரிப்பது மூன்று வயதுக்குள் கூடாது. மணிகள் மூக்கையும் தொண்டையையும் தேடிப்போகும். தை மாதத்தில் ஊறவைத்த மொச்சையைப் பிதுக்குவது பெரிய பிள்ளைகளுக்கு உகந்தது. பருப்பு வழுக்கிப் பறந்து கட்டிலடிக்குப் போகும், அதைத் தேடும் நேரமும் நமக்கு வரவு.

எல்லாவற்றையும் வென்றது முருங்கைக்கீரை. ஒரு கட்டை உருவுவதற்குள் பெரியவர்களுக்கே பொறுமை போய்விடும். விலை மலிவு, கூர்முனை இல்லை, ஓசை இல்லை. பயன்படுத்தும் முறை மட்டும் நுட்பமானது. கீரையைப் பிள்ளையிடம் நேரே கொடுக்கக் கூடாது. நீங்களே தரையில் அமர்ந்து, அரிய செயல் போல முகத்தை வைத்துக்கொண்டு உருவ வேண்டும். பிள்ளை வரும். “கிட்ட வராதே, இது அம்மா வேலை” என்று ஒருமுறை தடுக்க வேண்டும். இரண்டாம் முறை அது கையை நீட்டும்போது மனமில்லாதது போல விட்டுக்கொடுத்து எழுந்துவிட வேண்டும். எழுந்து ஓடக் கூடாது; ஓடினால் பின்னாலேயே வரும். அன்று மாலைப் பொரியலில் காம்பு தட்டுப்படும். குறை சொல்லாமல் உண்க.

இம்முறையில் வெற்றி எப்போதும் கிட்டும் என்று யாம் கூறவில்லை. தங்கள் கோப்புகளைச் சேமித்துக்கொண்டு தொடங்குக. முடிவுகளை ஐயுறும் அறிஞர்கள் எவரும் களத்துக்கு நேரில் வந்து சோதித்துக்கொள்ளலாம். வார நாட்களில் காலை பத்து மணி முதல் பதினொன்றரை வரை உகந்த நேரம். கீரைக்கட்டு நாங்களே வாங்கி வைத்துவிடுகிறோம்.