கட்டடம் உடுத்திய கனவான்கள்

1931 ஜனவரியில் நியூயார்க் ஆஸ்டர் ஹோட்டலில் கட்டடக் கலைஞர்களின் மாறுவேட விருந்து. பொருளாதாரம் படுத்த படுக்கையாகக் கிடந்த காலம். புதுக் கட்டடம் கேட்டு வருவோர் அருகிவிட்டார்கள். சும்மா இருப்பானேன் என்று சிலர் தாங்கள் கட்டிய கட்டடத்தையே உடுத்திக்கொண்டு வந்துவிட்டார்கள்!

வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம் இன்றும் இருக்கிறது. வால்டார்ஃப் அஸ்டோரியா, ஃபுல்லர் கட்டடம் எல்லாம் தலையில் கோபுரம் கவிழ்த்து நிற்கின்றன. நடுநாயகமாக கிரைஸ்லர் கட்டடம், அதாவது வில்லியம் வான் ஆலன். மற்றவர்கள் தொப்பியோடு பெரும்பாலும் திருப்தி அடைய, இவருக்கு மட்டும் பளபளக்கும் மேலங்கியும் உச்சியில் அந்தக் கூர்முனையும். 319 மீட்டரைத் தலையில் வைத்துக்கொண்டு மனிதர் எப்படித்தான் உட்கார்ந்து சாப்பிட்டாரோ! உட்கார முடியாத உடை ஃபேஷன் உலகத்துக்குப் புதிதல்ல என்பது வேறு விஷயம்.

கிரைஸ்லர் கட்டடம் வைத்திருந்த உலகிலேயே உயரம் என்ற பட்டம் அந்த ஆண்டு மே மாதமே எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குப் போனது. கட்டணம் கேட்டு கட்டட உரிமையாளர் கிரைஸ்லர் மீது வழக்குப் போட்ட வான் ஆலனுக்கு அப்புறம் பெரிய வேலை எதுவும் அமையவில்லை.

எட்னா கோவன் என்ற பெண்ணும் அன்று வேடமிட்டிருந்தார். ஆண்களுக்கெல்லாம் வானளாவிய கட்டடம்; அவருக்கு, குழாய் பொருத்திய வாஷ்பேசின்.