துரைக்கு ஃபர்லோ, நமக்கு மழை

என் அக்கா மகன் விமானி. 2020-இல் ஊரடங்கு வந்தபோது அவனுடைய கம்பெனி அவனை எங்கள் ஊரான பாகான் செராய்க்கு அனுப்பி வைத்தது. (கம்பெனி பேர் வேண்டாம். எங்கள் குடும்பத்தில் இன்னும் சலுகை டிக்கெட் எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.) வேலை போகவில்லையாம், சம்பளம் மட்டும்தான் போயிருக்கிறதாம். தொப்பி இருந்தது, தோளில் மூன்று கோடு இருந்தது. விமானம்தான் இல்லை. பையன் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து, தொழிற்சங்கம் போட்ட ஒப்பந்தத்தை எஸ்பிஎம் பரீட்சைக்குப் படிப்பதுபோல மஞ்சள் பேனாவால் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தான்.

நாற்பது வருஷம் ரப்பர் மரம் சீவிய எங்கள் பெரியப்பா பக்கத்தில் போய் நின்றார்.

"இதுக்கு என்னடா பேரு?"

"ஃபர்லோ, தாத்தா."

"அப்படின்னா?"

"வேலை இருக்கு. ஆனா வேலை இல்ல."

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். "அட, மழை நாளு!" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் இருக்கும் சரித்திரத்தை விமானக் கம்பெனி வக்கீல்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே நான் சொல்கிறேன்.

ஃபர்லோ என்பது டச்சுக்காரன் தன் சிப்பாய்க்குக் கொடுத்த விடுப்பு. மலாயாத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது அது துரைமாருக்கு ஆனது. நாலைந்து வருஷம் கொசுக்கடி பட்ட துரை, சம்பளத்தோடு மாதக்கணக்கில் சீமைக்குப் போய் வருவார். அதுதான் ஃபர்லோ. அவர் கப்பலில் ஏறினால் சம்பளமும் கூடவே ஏறும். அதே வார்த்தை நூறு வருஷம் கழித்து ஒரு தமிழ்ப் பையனிடம் வந்து சேர்ந்தபோது சம்பளம் நடுவழியில் இறங்கிக்கொண்டது. நம் கைக்கு வரும் சீமைச் சரக்கு எல்லாமே இப்படித்தான், பெட்டி மட்டும் வரும்.

பாகான் செராய் இருக்கும் கிரியான் மாவட்டம் பிறக்கும்போதே ரப்பர் காடு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே கரும்பு. வெட்டியது ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மாட்கள். "யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது" என்ற ஷரத்துக்காக இன்று உலகம் பூராவும் விமானிகள் தொண்டை கிழியப் பேசுகிறார்கள். கிரியானில் அந்த ஷரத்து அன்றைக்கே அமலில் இருந்தது. என்ன, கொஞ்சம் தலைகீழாக இருந்தது. வீட்டுக்குப் போனால் ஜெயில். வேலைக்கு இதைவிடக் கெட்டியான உத்தரவாதத்தை எந்த விமானியும் கண்டிருக்க மாட்டான்.

அந்தச் சமயம் பக்கத்தில் நெல்லுக்காக புக்கிட் மேராவில் ஏரி கட்டினார்கள். கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906-இல் முடிந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையும் போனது. கரும்பு மெல்ல மூட்டை கட்ட, ரப்பர் வந்து உட்கார்ந்தது. குலா என்றால் மலாயில் சர்க்கரை. அந்தப் பேரில் இருந்த தோட்டத்தில் ரப்பர் நட்டார்கள், பேரை மாற்றவில்லை. பெயர்ப் பலகையில் இனிப்பு, உள்ளே பால். பிற்காலத்துக் கூட்டு ஒப்பந்தங்களுக்கு இது நல்ல ஒத்திகை.

1930-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க வியாபாரம் படுத்தது, ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. நாளுக்கு 50 காசாக இருந்த ஆண் கூலி 40 ஆனது, அப்புறம் 28 வரை இறங்கியது. பெண்ணுக்கு எப்போதும் அதற்கும் கீழே. பஞ்ச காலத்திலும் அந்த ஒழுங்கை மட்டும் விடவில்லை. அப்படியும் கட்டுப்படியாகாதபோது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் மெட்ராஸுக்கும் அனுப்பினார்கள். ரஜூலா போன்ற கப்பல்களின் மேல்தட்டில் படுக்கை நூற்றெண்பது பாகையும் சாயும், ஏனென்றால் அது தரை. 1934-இல் ரப்பர் கொஞ்சம் நிமிர்ந்ததும் மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். விமானிகள் ஒப்பந்தத்தில் "திரும்ப அழைக்கும் உரிமை" என்று ஒன்று வரும்: புது ஆள் எடுக்கும் முன் வீட்டுக்கு அனுப்பியவரையே, சீனியாரிட்டி எண் மாறாமல், திரும்பக் கூப்பிட வேண்டும். 1934-இல் யார் எண்ணையும் யாரும் பார்க்கவில்லை. இரண்டு கை இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

இப்போதுதான் கதையின் நாயகன் வருகிறார். 1955-ஆம் வருஷத்து வேலைவாய்ப்புச் சட்டம், 16-ஆவது பிரிவு. இதைப் படித்துவிட்டு நான் எழுந்து நின்றேன். தோட்டத்தில் நாள் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு முதலாளி மாதம் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால், அவர் வேலைக்கு மனமும் உடம்பும் தயாராக இருந்த அந்த நாட்களுக்கு, வேலை செய்ததுபோலவே கூலி கொடுக்க வேண்டும். அமெரிக்க விமானிகள் "மாத உத்தரவாத மணி" என்று மார்தட்டுகிறார்களே, பறந்தாலும் பறக்காவிட்டாலும் இத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் என்று, அதுவேதான். கோவணம் கட்டிக்கொண்டு உளி பிடித்தவனுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழுதி வைத்தார்கள், சரி. நாள் கணக்கு என்ற சொல்லில் ஒரு வாசல் இருந்தது. பால் கணக்கில் கூலி என்றால்? அந்த வாசல் வழியாக ஒரு லாரியே போகும். "தயாராக இருந்த" என்பதில் இன்னொரு வாசல். பட்டை நனைந்தால் மரம் சீவ முடியாது. பால் மங்கில் விழாமல் பட்டையில் பரவி ஓடிவிடும். ஆக விடிகாலை மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை. நாங்கள் இருப்பதோ நாட்டிலேயே மழைக்குப் பேர்போன தைப்பிங்குக்குப் பக்கத்தில். மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் பந்தயம் கட்டுவார்கள் என்பார்கள். எங்கள் லயத்தில் பந்தயம் கட்டாமலே தோற்றார்கள். இதில் கொடுமை, அநேகமாக ஒவ்வொரு தோட்டத்துக்கும் காவல் தெய்வம் மாரியம்மன். மழை தருகிறவளையே கும்பிட்டு, மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆத்தாவுக்கும் தர்மசங்கடம்தான்.

2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்த பிறகு, "ஃபர்லோ கிடையாது" என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்த சில அமெரிக்க விமானக் கம்பெனிகள், இது மனித சக்திக்கு மீறிய நிகழ்வு, ஆகவே அந்த ஷரத்து செல்லாது என்று கிளம்பின. மருமகன் இதை விளக்கியபோது பெரியப்பாவுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. "ஆத்தா மேல பழிய போட்டுட்டானுங்களா?"

மறுபடி தோட்டத்துக்கு வருவோம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது 1954-இல். அதை நடத்திய பி. பி. நாராயணன் பின்னாளில் உலகத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஒன்றுக்கே தலைவரானார். சங்கம் கூலிக்கும் மழைக்கும் பேசிக்கொண்டிருந்தபோது முதலாளிகள் யாரும் எதிர்பாராத ஒரு வித்தை செய்தார்கள்: காணாமல் போனார்கள். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் கேக் வெட்டுவதுபோலத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பேர். பொருளாதார அறிஞர் உங்கு அஸிஸ் அதை ஆராய்ந்து தடித்த அறிக்கையே எழுதினார். 24 நாள் வேலையை யாரிடம் கேட்பது? ஐந்து ஏக்கர் வாங்கியவரிடமா? அவரே மகனையும் மருமகளையும் வைத்துச் சீவுகிறார். முதலாளிகள் ஒரு ஷரத்தையும் மீறவில்லை. ஷரத்து நின்ற தரையை உருவிக்கொண்டார்கள்.

சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் இதற்கு 1960-இல் சொன்ன பதில்தான் இந்தக் கதையிலேயே கொஞ்சம் ரோஷமுள்ள பதில்: முதலாளி விற்றால் நாமே வாங்குவோம். தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டு, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டினார். முதல் தோட்டம் கெடாவில், புக்கிட் சிடிம். விமானிகள் யாராவது பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் போயிங் வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

1980-இல் பணிநீக்கச் சலுகை விதிமுறைகள் வந்தன. வேலை கிடைத்தால்தான் கூலி என்ற நிலையில் இருப்பவருக்கு நான்கு வாரத்தில் 12 நாளாவது வேலை கொடுக்காவிட்டால், அவர் நிறுத்தி வைக்கப்பட்டவராம். சேவை இரண்டு வருஷத்துக்குக் குறைவென்றால் வருஷத்துக்கு 10 நாள் கூலி, ஐந்து வரை 15, அதற்கு மேல் 20. நாற்பது வருஷம் சீவியவருக்கு இது எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரியப்பா போட்டார். ஒரு சைக்கிளும் மகள் கல்யாணத்தில் பாதியும் வந்தது.

கடைசிக் காட்சி ஆகாயத்தில். 2015-இல் மலேசியா ஏர்லைன்ஸ் தன் 20,000 ஊழியர்களுக்கும் பணிநீக்கக் கடிதம் கொடுத்து, அவர்களில் சுமார் 14,000 பேரைப் புதிய கம்பெனிக்கு அழைத்தது. 6,000 பேருக்கு அழைப்பு இல்லை. அதே விமானம், அதே வால், வாலில் அதே காற்றாடி. ஆனால் பழைய கம்பெனியின் வாரிசு முதலாளி புதுக் கம்பெனி அல்ல என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டுக் கொடுத்தது. இதைக் கேட்டதும் பெரியப்பா, "துண்டாடல்ல மரத்தையாவது பிரிச்சுக் கொடுத்தான்" என்றார்.

இதில் ஒரு சின்ன வேடிக்கை. தோட்டத் தொழிலாளர் சங்கத்தோடு கூலி பேசும் முதலாளிமார் அமைப்பின் ஆங்கிலச் சுருக்கம் மாப்பா. மலேசியா ஏர்லைன்ஸ் விமானிகள் சங்கத்தின் சுருக்கமும் மாப்பா. "மாப்பா சொன்னாங்க" என்று மருமகன் போனில் பேசும்போதெல்லாம் பெரியப்பா ரொம்ப நாள் அவனை முதலாளி பக்கம் என்று நினைத்துக்கொண்டு, அவன் கேட்ட பலகாரத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

விஷயம் தெளிந்த அன்று அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மழை நாளில் தான் என்ன செய்தேன் என்று சொன்னார். மழை கொட்டினாலும் அஞ்சு மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்பார். கிராணி செக்ரோலைத் திறக்கும் வரை நனைந்துகொண்டே நிற்பார். வரவில்லை என்று எழுதிவிட்டால் 24 நாள் கணக்கு அம்போ. ஆள் தயார், உடம்பு தயார், மழைதான் தயாரில்லை என்று பதிவாக வேண்டும்.

மறுநாளிலிருந்து பையன் காலை ஐந்து மணிக்குக் குளித்து, சட்டையில் மூன்று கோட்டையும் மாட்டிக்கொண்டு, கீழே கைலியோடு, கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பித்தான்: பறக்க மனமும் உடம்பும் தயார். ஒன்பதாவது நாள் பதில் வந்தது. தானாகப் போகும் இயந்திரப் பதில்தான். உங்கள் மின்னஞ்சல் எங்களுக்கு மிகவும் முக்கியம், தற்போது அலுவலகத்தில் யாரும் இல்லை.

படித்துக் காட்டினான். பெரியப்பா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"எங்க கிராணி ஒருநாளும் இவ்ளோ மரியாதையா பேசினதில்லடா," என்றார்.