எங்கள் வீட்டில் எப்போதும் நேற்று

செவ்வாய்க்கிழமை சுட்ட பன்னை ஊரார் செவ்வாய்க்கிழமையே சாப்பிட்டார்கள். நாங்கள் புதன்கிழமை சாப்பிட்டோம். பிளஸ் டூ முடிக்கும் வரை நான் காலண்டருக்கு ஒரு நாள் பின்னாலேயே வளர்ந்தவன். காரணம், எங்களுக்குச் சொந்தமாக பேக்கரி இருந்தது.

பேக்கரிக்காரன் பிள்ளை கேக்கில்தான் பல் விளக்குவான் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் நினைப்பு. என் பக்கத்து பெஞ்சுக்காரன், பெரியவனானதும் எங்கள் வீட்டில் பெண் எடுப்பதாகச் சொல்லியிருந்தான். எனக்கு அக்கா தங்கை இல்லை என்று சொன்னதும், "பரவால்ல, தத்தாவது போறேன்" என்றான். அவனிடம் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. அப்பாவின் சட்டம் ஒரே வரி: "இன்னிக்குச் சரக்கு வெளியாளுக்கு. வீட்டாளுக்கு எதுக்குடா?"

புதுச் சரக்கு பெறத் தகுதியான வெளியாட்கள் என்று ஒரு பட்டியலே உண்டு. காசு கொடுப்பவர்கள், உணவுப் பாதுகாப்பு அதிகாரி, கும்பாபிஷேக நன்கொடை நோட்டோடு வருகிறவர், அப்புறம் அத்தையின் கணவர். மாமாவுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியும் சூடாக தேங்காய் பன் போனது. பேரன் பேத்தி எடுத்தாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்.

குன்னத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு தாலுகாவுக்குத் தலைநகர். தலைநகர் என்றதும் கோட்டை கொத்தளம் எதையும் தேட வேண்டாம். தாலுகா ஆபீஸ் இருப்பதால் வந்த பட்டம். ஊருக்குள் ஆலை கிடையாது, ஆனாலும் ஆலை ஊர்தான். ஒரு பக்கம் எறையூர் சர்க்கரை ஆலை, இன்னொரு பக்கம் அரியலூர் சிமெண்ட் ஆலைகள். அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர், வருஷம் முழுக்க சிமெண்ட் லாரி. பல கோடி வருஷத்துக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடலாம். அந்தக் கடலில் செத்த சிப்பியும் சங்கும் படிந்து சுண்ணாம்புக்கல்லாகி, அதைத்தான் இப்போது வெட்டி, சுட்டு, அரைத்து மூட்டை கட்டுகிறார்கள். பழைய சரக்கை மறுபடி சுட்டு விற்கும் வித்தையில் அப்பாவுக்கு முன்னோடி எங்கள் மண்.

மாலை நாலு மணிக்குக் கடை பெஞ்சில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். ஒருவர் சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்குகிறவர், இன்னொருவர் எங்கள் மாஸ்டர். புருவம், மீசை, காது மடல் எல்லாம் இருவருக்கும் ஒரே வெள்ளை. அவருக்குச் சிமெண்ட், இவருக்கு மைதா. மழை வந்தால் இருவருமே ஓடி ஒதுங்குவார்கள். நனைந்தால் ஒருவர் இறுகிவிடுவார், இன்னொருவர் புளித்துப் பொங்கிவிடுவார்.

மாஸ்டர் கேரளத்துக்காரர். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்லப்படுவதை 1883-இல் தலச்சேரியில் சுட்டவர் மாம்பள்ளி பாப்பு. பிரௌன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒரு கேக்கைக் கொண்டுவந்து காட்டி, "இதே மாதிரி வேண்டும்" என்று கேட்டதாகக் கதை. மாஸ்டர் இதைச் சொல்லும்போது மாதத் தொடக்கத்தில் பாப்பு அவருக்கு ஊர்க்காரர். பத்தாம் தேதிக்கு மேல் தூரத்துச் சொந்தம். மாதக் கடைசியில் அட்வான்ஸ் கேட்கும்போது சொந்தப் பெரியப்பா.

கடைக்கு 'ஐயங்கார் பேக்கரி' என்று போர்டு வைத்தவர் சித்தப்பா. கர்நாடகத்தின் ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள் பெங்களூருக்குப் போய், முட்டை சேர்க்காத ரொட்டியும் கேக்கும் சுட்டுப் பேர் வாங்கினார்கள். அந்தப் பேர் பிற்பாடு நெடுஞ்சாலை வழியாகத் தமிழ்நாட்டுக்கும் இறங்கி வந்துவிட்டது. எங்களுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. போர்டு ஏறிய அன்று அப்பாயி வாசலில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நாம எப்படா ஐயங்கார் ஆனோம்?" என்று கேட்டார். "நேத்து ராத்திரிம்மா, பெயிண்ட் காஞ்சதும்" என்றார் சித்தப்பா.

சிக்கல் என்னவென்றால், எங்கள் கடையில் ஓடிய சரக்கே முட்டை பப்ஸ்தான். வெளியூர்க்காரர் ஒருவர் போர்டையும் பப்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஐயங்கார் பேக்கரில முட்டை பப்ஸா?" என்றார். அப்பா கல்லாவிலிருந்து தலை நிமிராமல், "ஐயங்கார் லீவுங்க" என்றார். அந்த ஐயங்கார் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பிரெட் பலகாரம் இல்லை, மருந்து. நல்ல உடம்போடு பிரெட் வாங்கினால், "வீட்ல யாருக்கு முடியல?" என்று நாலு பேர் கேட்பார்கள். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறவர்கள்தான் பிரெட்டுக்கு வாடிக்கை. அதனால் ஊரில் காய்ச்சல் என்றால் எங்கள் வீட்டில் பேச்சு ஒரு மாதிரி இருக்கும். "வேப்பூர்ப் பக்கம் வைரல் ஃபீவராம்" என்பார் சித்தப்பா. "அடப்பாவமே" என்பார் அப்பா. சொல்லிக்கொண்டே மாஸ்டர் பக்கம் திரும்பி, "நாளைக்கு இருபது மோல்டு சேர்த்துப் போடுங்க" என்பார். அந்த வருத்தமும் உண்மை, அந்த இருபதும் உண்மை.

ஒருமுறை அப்பாவே படுத்துவிட்டார். பார்க்க வந்தவர்கள் மரியாதைப்பட்டவர்கள், வெறுங்கையோடு வருவார்களா? வழியில் இருந்தது எங்கள் கடை ஒன்றுதான். மூன்று நாளில் எங்கள் பிரெட்டே பதினோரு பாக்கெட் அப்பாவின் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது. அதில் ஆறு கணக்கில் எழுதச் சொல்லி வாங்கியது. அம்மா ஒரு துண்டைப் பாலில் நனைத்து நீட்டினாள். காய்ச்சல் நூற்று மூன்று, கண்ணைத் திறந்து, "எப்ப சுட்டது?" என்றார். "இன்னிக்குங்க." கையை அப்படியே தள்ளிவிட்டார். "கடைக்கு அனுப்பு. யாராவது சீக்காளிக்கு ஆகும்."

விற்காத பிரெட் வீட்டுக்கு வரும். வீட்டிலும் தீராதது மறுபடி அடுப்புக்குப் போகும். விறகு ஓவனில் காலைச் சரக்கு வெந்து இறங்கிய பிறகும் செங்கல்லில் சூடு மிச்சம் இருக்கும். துண்டு போட்ட பழைய பிரெட்டைத் தட்டில் அடுக்கி உள்ளே தள்ளிவிட்டால் அந்த மிச்சச் சூட்டிலேயே ஈரம் இறங்கி ரஸ்க் ஆகிவிடும். பழைய ரொட்டி, பழைய சூடு, இரண்டுக்கும் செலவில்லை. உடைந்த ரஸ்க் தூளாகி, கட்லெட் மேல் ஒட்டிக்கொண்டு திரும்பவும் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து உட்காரும். மறுபிறவி உண்டு என்று அப்பாயி சொன்னபோது, கண்ணால் பார்த்தவன் என்பதால் நான் எதிர்த்துப் பேசவில்லை.

ஒரு தவணை சித்தப்பா ரஸ்க்கை அடுப்பில் வைத்துவிட்டுச் சினிமாவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் சுத்தியல் கேட்டது. எங்கள் மாவட்டத்து சாத்தனூரில் பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முந்திய மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. அன்றிலிருந்து எங்கள் ரஸ்க்குக்கு ஊரில் பெயர் 'கல்மரம்'. "அண்ணே, கால் கிலோ கல்மரம்" என்று கேட்டே வாங்குவார்கள். அப்பா அதையும் கௌரவமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

2017-இல் ஜி.எஸ்.டி. வந்தது. எங்கள் கடை வருமானத்தை அது எட்டிக்கூடப் பார்க்காது. ஆனாலும் அப்பா தினத்தாளை விரித்துப் பட்டியல் முழுவதையும் படித்தார். பிரெட்டுக்கு வரி இல்லை, ரஸ்க்குக்கு 5 சதவீதம், கேக்குக்கு 18. பேப்பரை மடித்து வைத்தவர் அன்று முழுக்கப் பேசவில்லை. 2024-இல் கோவைக் கூட்டம் ஒன்றில் ஓட்டல்காரர் ஒருவர் நிதியமைச்சரிடம், பன்னுக்கு வரி இல்லை, கிரீம் தடவினால் வரியா என்று கேட்டு ஊரே சிரித்ததே, அப்போதும் அப்பா சிரிக்கவில்லை. "கிரீமுக்குப் போட்டா போட்டுட்டுப் போறான். ஒரே ரொட்டி, நேத்து வரி இல்ல, இன்னிக்கு அஞ்சு பர்சென்ட். வயசானதுக்கு வரி போடுறானுங்கடா."

எங்கள் ஊருக்குத் தமிழ்ப் பெருமையும் உண்டு. உ.வே.சாமிநாதையர் சிறுவனாக இருந்தபோது தகப்பனாரோடு குன்னத்தில் வந்து தங்கித் தமிழ் படித்தார். 'என் சரித்திரம்' நூலில் ஊர்ப் பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகு குன்னத்தில் தமிழுக்கு நேர்ந்த பெரிய சம்பவம் எங்கள் கடையில் நடந்தது.

தமிழாசிரியர் ஒருவர் பணி ஓய்வு பெற்றார். பிள்ளைகள் இரண்டு கிலோ கேக் சொல்லியிருந்தார்கள். கிரீமால் எழுதுவது சித்தப்பாவின் இலாகா. நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, 'ஐயாவுக்கு வாழ்த்துக்கள்' என்று சுழித்துச் சுழித்து எழுதி முடித்தார். அழகாகவே இருந்தது. ஐயா வந்தார், கண்ணாடியை மாட்டினார், பார்த்தார். "தம்பி, இங்கே ஒற்று மிகாது. வாழ்த்துகள்."

சித்தப்பாவுக்கு ஒற்று எது என்று தெரியவில்லை. ஐயா சுட்டுவிரலால் காட்டினார். மாஸ்டர் கத்தி முனையால் அந்த 'க்'கை நெம்பி எடுத்து, வீணாக்கக் கூடாது என்று வாயில் போட்டுக்கொண்டார். மிகாத ஒற்றைத் தின்ற ஒரே மலையாளி அவராகத்தான் இருப்பார். 'வாழ்த்து'க்கும் 'கள்'ளுக்கும் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. இப்போது படித்தால் ஐயாவைக் கள்ளுக்கு அழைத்த மாதிரி இருந்தது. சித்தப்பா அவசரமாக ஒரு செர்ரிப் பழத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். ஐயா குனிந்து, "இது என்ன?" என்றார். "செர்ரிங்கய்யா." "பொய். களாக்காய். சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய களாக்காய். எழுத்தும் பிழை, பொருளும் பிழை." ஆனால் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கடை டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய் என்பதை நல்லவேளை அவர் கேட்கவில்லை.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். தெருமுனையில் பேக்கரி, காலை ஏழு மணிக்குச் சூடான ரொட்டி வாசனை. வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு மறுநாள்தான் பிரிக்கிறேன். அன்றே பிரித்தால் திருடின மாதிரி கை நடுங்குகிறது. முன்பு ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டிருந்தேன். குளிரில் ரொட்டி சீக்கிரமே விறைத்துப் பழசாகிவிடும், வெளியில் வைத்தால்தான் மெதுவாகும் என்று மாஸ்டர் போனில் சொன்னார். எனக்கு வேண்டியதே சீக்கிரம் பழசாவதுதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். இரண்டு வருஷம் கழித்து. பையைக் கீழே வைப்பதற்குள் அம்மா தட்டோடு வந்தாள். தட்டில் தேங்காய் பன். தொட்டால் சுட்டது. மேல்தோல் பளபளவென்று, பிய்த்தால் உள்ளே தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் ஆவி விட்டன. நாற்பது வருஷத்தில் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் 'இன்று'.

வாய்க்குக் கொண்டுபோனவனுக்குப் பட்டியல் ஞாபகம் வந்தது. காசு கொடுப்பவர், அதிகாரி, நன்கொடை நோட்டு, மாமா. ஐந்தாவதாக நான்.

பன்னைத் தட்டில் திரும்ப வைத்தேன். "என்னப்பா, நல்லா இல்லியா?" என்றாள் அம்மா. பதில் சொல்லாமல் சமையல்கட்டுக்குப் போய், மேல் தட்டில் அந்தப் பழைய பிஸ்கட் டின்னைத் தேடினேன். அதே டின், அதே இடம். மூடியைத் திறந்தால் நேற்றைய பன் நாலு.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கதவு வழியாக அப்பா எட்டிப் பார்த்தார். டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதுல ஒண்ணு முந்தாநேத்து உள்ளது இருக்கும். முதல்ல அதை முடி."