பத்துக்குப் பத்து: கருத்துக் கேட்பியலுக்கு ஓர் ஆராய்ச்சி முன்னுரை

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், நிறுவனத்தார் வாடிக்கையாளரிடமும் ஊழியரிடமும் 'கருத்து' கேட்கும் மரபினை ஆராய்தல் நுதலிற்று. அம்மரபு பெட்டி, நோட்டு, அட்டை, அலைபேசி என நால்வகைப்படும். முகத்துக்கு நேரே திட்டுதலை ஐந்தாவதாகச் சேர்ப்பாரும் உளர் (காண்க: டீக்கடை பெஞ்சு, இடது கோடி).

இதன் தோற்றம் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. பசு மணியை இழுத்ததும் அரசனே விசாரிக்கத் தொடங்கிவிட்டான். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம், ஏழு வேலை நாட்களில் தொடர்புகொள்வோம்' என்று பசுவுக்கு ஒரு பதிலும் போகவில்லை. உத்திரமேரூர்க் குடவோலையைக் காட்டுவர் பிறர். அங்கோ குடத்தில் இட்ட ஓலையை எடுத்து எல்லோர் காதிலும் விழப் படித்தார்கள்; எனவே அதுவும் தள்ளுபடி. 1721-இல் ஜப்பானின் எடோ நகரில் ஷோகன் யோஷிமுனே மனுப்பெட்டி வைத்தபோது சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். நம் பெட்டியின் சாவி, மாற்றலாகிப் போன மேனேஜரிடம் உள்ளது.

நோட்டு: கயிற்றில் பேனா தொங்கும், ரீஃபில் இராது.

அட்டை: பில்லோடும் சோம்போடும் வரும், சோம்பு மட்டும் தீரும்.

அலைபேசியே ஆராயத்தக்கது. 2003 டிசம்பரில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஃபிரெட் ரைக்ஹெல்ட் ஒரு சூத்திரம் செய்தார்: 'எங்களைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா?' என்று கேட்டு, 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்குக. 9, 10 போட்டவர் நண்பர். 7, 8 போட்டவர் கணக்கில் இல்லை. 6-உம் அதற்குக் கீழும் பகைவர். நண்பர் சதவீதத்தில் பகைவர் சதவீதத்தைக் கழிக்க. நம் கல்லூரிகளில் 60 வாங்கினால் முதல் வகுப்பு. வீட்டில் கேசரி கிளறுவார்கள். இங்கே ஆறு போட்டவன் துரோகி. பத்துப் பேரில் ஐவர் 9, மூவர் 8, இருவர் 6 போட்டதாகக் கொள்வோம். சராசரி 8.1. சூத்திரப்படி மதிப்பெண் 30. பள்ளிக்கூடக் கணக்கில் 35 இருந்தால்தான் பாஸ் என்பதால், எல்லோரும் முதல் வகுப்பு போட்டும் கம்பெனி ஃபெயில்.

சூத்திரம் ஒன்பதையும் பத்தையும் ஒன்றாகவே கொண்டாலும், சூப்பர்வைசர் உரை பத்தை மட்டுமே ஏற்கும். "சார், ஆபீஸ்லேருந்து போன் வரும் சார். பத்துன்னு சொல்லிருங்க. ஒம்போதுன்னு சொன்னா இன்சென்டிவ் போயிரும் சார்" (வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு வந்த தம்பி, பின்கட்டு வாய்மொழி, பாடபேதம்: அதே தம்பி, 'ஒம்போது' நீங்கலாக, செருப்பை மாட்டியபடி, மேலும் ஒப்புநோக்குக: மெஷின் மறுபடி நின்றபின் அதே தம்பி, தொலைபேசியில், "நீங்கதான பத்து குடுத்தீங்க சார்?"). மூன்றாம் பாடமே மூலபாடம் என்பது எம் துணிபு.

ஊழியர் கருத்து வேறு வகை. அதில் பெயர் கேட்கமாட்டார்கள். பிரிவு, வயது, சேர்ந்த வருஷம், ஷிஃப்ட் இவை போதும். அக்கவுண்ட்ஸில் இருப்பதே மூன்று பேர்; அதில் ஐம்பத்தெட்டு வயது ஒருவருக்குத்தான். 'நிர்வாகம் வெளிப்படையானதா?' என்ற கேள்விக்கு அவர் 'மிகவும்' என்று டிக் அடித்ததை நிர்வாகம் அன்று மாலையே அறிந்து மகிழ்ந்தது. சிகாகோவுக்கு அருகே ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளரை உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். மனத்தில் இருந்ததைக் கொட்டியதிலேயே பலருக்குப் பாதி பாரம் இறங்கிற்று. இதைப் படித்த மனிதவளத் துறையினர், கேட்டால் போதும், செய்ய வேண்டியதில்லை என்று உரை கண்டனர்.

இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. பின்னிணைப்பில் கட்டுக்கட்டாகப் படிவங்கள், எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. தமிழ்நாட்டு வாடிக்கையாளரிடையே நிலவும் வியத்தகு கருத்தொற்றுமைக்கு இதுவே சான்று என்கிறார் ஆய்வாளர். நெறியாளர் இதை மறுக்கவில்லை. அந்தப் பக்கம் வரை அவர் போகவில்லை.