இரண்டு டிபி, சில நூறு ரூபாய்

2000-ல் முதல் பென் டிரைவ் விற்பனைக்கு வந்தபோது அதன் கொள்ளளவு 8 எம்பி. இன்று நடைபாதையில் 2 டிபி பென் டிரைவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கணினியில் செருகினால் அதுவும் 2 டிபி என்றே சத்தியம் செய்யும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 16 ஜிபியோ 32 ஜிபியோதான். கன்ட்ரோலர் சிப்புக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நிரம்பினாலும் போதும் என்று சொல்லாது, பந்தியில் கை மறிக்கத் தெரியாத புது மாப்பிள்ளை மாதிரி. கோப்பின் பெயர் இருக்கும், தேதி இருக்கும், அளவுகூட இருக்கும். திறந்தால் ஒன்றும் இருக்காது. (எப்படியும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த யோகா வீடியோக்களுக்கு இது போதும்.) வாங்கியே தீருவேன் என்பவர்கள், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்துவிட்டு, அதன் பிறகு கல்யாண ஆல்பத்தை ஏற்றுங்கள்.