ரோலர் கதவுக்குப் பின்னால் வெங்காயம்

யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுக் காசில் எழும்பும் வீட்டுக்கு ரோலர் கதவு கட்டாயம், கார் கட்டாயமில்லை. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அதுவரை கதவுக்குப் பின்னால் சைக்கிளும் சின்ன வெங்காயமும் குடியிருந்தன.

உப்புக் காற்று மட்டும் ஓய்வெடுக்கவில்லை. மேலே உருளைக்குள் முறுக்கிக் கிடக்கும் ஸ்பிரிங்குகள்தான் கதவின் பாரத்தைச் சுமப்பவை. அவை துருவேறி முறிந்தால் கதவு வெறும் தகரச் சுவர். உடனே லண்டன் சித்தப்பா வாட்ஸ்அப்பில் பொறியியலாளராகிவிடுவார்: "தம்பி, ஏணியை வைச்சு நீயே கழட்டடா!"

ஒன்று முறிந்தாலும் மற்ற ஸ்பிரிங்கில் முறுக்கு மிச்சமிருக்கும். பிடி நழுவினால் கையைப் பதம் பார்க்கும். சித்தப்பாவின் கை லண்டனில் பத்திரம். நீங்கள் இடைக்கிடை எண்ணெய் பூசுங்கோ. கழட்டுறதை வேலை தெரிஞ்ச ஆளிட்டை விடுங்கோ.