வைகாசியில கலியாணம் ஏலாது

மச்சான்,

ஸ்காபரோவில இருந்து எழுதுறன். உன்னால ஒரு காரியம் ஆகோணும். கலியாணத்துக்கு வைகாசியில நாள் எடுத்துப்போட்டு அம்மா நிக்கிறா. அது சரிவராது எண்டு நீதான் ஒருக்கா வீட்ட போய்ச் சொல்லோணும். ஏனெண்டு சொல்லுறன், சிரியாத.

நான் கட்டப்போறவளுக்கு என்னைவிட மூத்த காதல் ஒண்டு இருக்கு. ரொறொன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் எண்ட ஐஸ் ஹொக்கி ரீம். யாழ்ப்பாணத்தில சென்றலுக்கும் சென் ஜோன்ஸுக்கும் நடக்கிற கிரிக்கெட் பிக் மட்ச்சுக்கு நாங்கள் விசராடினது மூண்டு நாள்தானே? இது இலையுதிர் காலத்தில தொடங்கி ஏப்ரல் மட்டும் எண்பதுக்கு மேல மட்ச். சனிக்கிழமை இரவெண்டால் இந்த நாடே அதுக்கு நேந்துவிட்ட மாதிரி. படத்துக்குப் போவமோ எண்டு நான் கேக்கிறதே இல்லை.

வெல்லுற ரீம் எண்டாலும் பரவாயில்ல. கடைசியாக் கப் எடுத்தது 1967இல, மொன்றியலை அடிச்சு. அப்ப லீக்கில இருந்ததே ஆறு ரீம்தான், இப்ப 32. அவளின்ர தகப்பன், அதுதான் மாமா, அந்த நேரம் சாவகச்சேரியில தவண்டு திரிஞ்ச பிள்ளை.

2013இல பொஸ்ரனோட நொக்அவுட் சுற்றின்ர கடைசி, ஏழாவது மட்ச். 4-1 எண்டு முன்னுக்கு நிக்கினம், முடிய பதினொரு நிமிசம்கூட இல்லை. அதையும் 5-4 எண்டு விட்டிட்டினம். பேந்து 2018, 2019, 2024. அதே பொஸ்ரன், அதே ஏழாவது மட்ச். அந்த ஊரின்ர பேரை அவளின்ர வீட்டில ஒருத்தரும் உச்சரிக்கிறேல்ல. எனக்கு அங்க ஒரு வேலைக்கு நேர்முகம் வந்தது, மாமாவிட்ட "அமெரிக்காவில ஒரு இடம்" எண்டு மட்டும்தான் சொன்னனான்.

இப்ப விசயத்துக்கு வாறன். ஏப்ரல் நடுவில பிளேஓவ் எண்ட அந்த நொக்அவுட் தொடங்கும். நாலு சுற்று, 16 வெற்றி, கப் குடுக்க ஜூன் ஆகிடும். அதுக்குள்ள தாலி கட்டேலாது எண்டு நிக்கிறாள். "வைகாசியில பயமில்லாமல் வைக்கலாம், இவை அதுக்கு முதலே தோத்து வீட்டை வந்திடுவினம்" எண்டு அவளின்ர தம்பிக்காரன் பகிடி விட்டான். அண்டைக்கு அவனுக்கு இரவுச் சாப்பாடு கிடைக்கேல்ல. ஆனால் கணக்குப் பாத்தால் பெடியன் சொன்னதில பெரிய பிழையுமில்ல, அதை நான் வெளியில சொல்லமாட்டன்.

ஆனபடியால் சாத்திரியாரிட்ட ஆனிக் கடைசியில, ஆடி பிறக்க முதல், ஒரு நல்ல நாள் பாக்கச் சொல்லு. அம்மாவிட்ட ஹொக்கி எண்டு வாய் திறந்திடாத, மண்டபம் கிடைக்கேல்ல எண்டு சொல்லு. நம்பாட்டி, மாமாவே போன் எடுத்துச் சாதகத்தில வைகாசி கூடாது எண்டு சொல்லத் தயார். மனுசனுக்கும் பிளேஓவ் பாக்கோணும்.

மற்றது, கூறைச் சேலை லீஃப்ஸின்ர நீலத்தில, வெள்ளைக் கரை வச்சு வேணுமாம். அதை இப்ப அம்மாவிட்ட சொல்லாத. முதல்ல நாளை மாத்துவம்.